பழைய டாக்டர் ஹூ: புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வழித்துணை

'டாக்டர் ஹூ' பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். டாக்டர் என்ற மர்ம மனிதர் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்வதுதான் கதை. அதன் பழைய பாகங்களைப் பார்க்கலாம் என்று ஆசையோடு வருகிறவர்களில் பலர் குகைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை பிபிசி ஒளிபரப்பிய முதல் பாகம் இன்றைக்கும் அசர வைக்கும். பழைய இரும்புச் சாமான் கிடங்கு ஒன்று, அதன் நடுவே மெல்ல முனகிக்கொண்டிருக்கும் நீலநிறப் போலீஸ் பெட்டி (டாக்டரின் காலப் பயண வாகனமான டார்டிஸ் அதுதான்), விசித்திரமான ஒரு மாணவியைத் தேடிப் பின்தொடர்ந்து வரும் இரண்டு ஆசிரியர்கள், அவர்களை உள்ளே விட மறுக்கும் ஒரு கிழவர், அவர்தான் டாக்டர். அதற்கடுத்த மூன்று பாகங்களில் கற்காலக் குகை மனிதர்கள் நெருப்புக்காக அடித்துக்கொள்கிறார்கள். என் நண்பர் ஒருவர் இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டு, "இதற்குத்தானா இத்தனை பேச்சு?" என்று கேட்டார். தவறு அவருடையதல்ல. முதலிலிருந்து தொடங்குங்கள் என்று சொன்னவன் நான்தான்.

அன்றிலிருந்து புதியவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பார்ப்பது பாதி வேலை, பார்த்ததைப் பேசுவது மறுபாதி. இரண்டையும் சேர்த்தே பழக வேண்டும்.

முதலில் கணக்கு

பழைய தொடர் 1963 முதல் 1989 வரை 26 சீசன்கள் ஓடியது. ஒவ்வொரு சீசனும் பல கதைகளாலானது. ஒரு கதை பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு பாகங்கள், ஒவ்வொரு பாகமும் சுமார் 25 நிமிடம். ரசிகர்கள் பேசும்போது கதையின் பெயரையும் பாகத்தின் எண்ணையும் சேர்த்தே சொல்வார்கள். "டாம் பேக்கர் கழுத்துத்துணியோடு ஓடுவாரே, அந்தக் காட்சி" என்று நீங்கள் சொன்னால், அவர் டாக்டராக நடித்த ஏழு வருஷக் கதைகளில் எதையும் அது குறிக்கும்.

சீசன் வேறு, சீரிஸ் வேறு. சீசன் 1 என்றால் 1963. சீரிஸ் 1 என்றால் 2005இல் புத்துயிர் பெற்ற தொடர். இது தெரியாமல் பத்து நிமிடம் வெவ்வேறு கதைகளைப் பற்றி வாதாடிய இருவரைப் பார்த்திருக்கிறேன். 2024இல் மறுபடியும் சீசன் 1 என்று எண்ணத் தொடங்கி, இருந்த குழப்பம் போதாதென்று இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டார்கள்.

சாகும் நிலைக்கு வந்தால் டாக்டர் புது உடலும் முகமும் பெறுவார், அதனால் அவராக அடுத்தடுத்து வெவ்வேறு நடிகர்கள் நடித்தார்கள். அந்த டாக்டர்களின் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பார்க்கப் பார்க்கத் தானாக வரும். வில்லியம் ஹார்ட்னெல், பேட்ரிக் டிரௌட்டன் இருவரும் கறுப்பு வெள்ளை. 1970இல் ஜான் பெர்ட்வீயோடு நிறம் வந்தது. அவருக்குப் பின் டாம் பேக்கர், பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய். பழைய ரசிகர்கள் காலத்தை நடிகர்களைக் கொண்டு மட்டும் பிரிப்பதில்லை, தயாரிப்பாளரைக் கொண்டும் பிரிப்பார்கள். 'ஹிஞ்ச்கிளிஃப் காலம்' என்று யாராவது கண்கள் மின்னச் சொன்னால், பிலிப் ஹிஞ்ச்கிளிஃப் தயாரிப்பாளராகவும் ராபர்ட் ஹோம்ஸ் கதைப் பொறுப்பாளராகவும் இருந்த 1975–77 பேய்க்கதை வாசனைக் கதைகளைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆரம்பக் கதைகளின் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. முதல் இரண்டரை ஆண்டுகளில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப் பெயர் போட்டார்கள். கதைக்கு மொத்தமாக ஒரு பெயர் திரையில் வரவில்லை. அதனால் முதல் கதையை 'அன் அனர்த்லி சைல்ட்' என்று ஒருவர் சொல்ல, அது முதல் பாகத்தின் பெயர் மட்டுமே என்று இன்னொருவர் திருத்துவார். திருத்துகிறவரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் நாற்பது ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

எங்கே தொடங்குவது

1979இல் வந்த 'சிட்டி ஆஃப் டெத்' என்பது என் பதில். நான்கே பாகங்கள். பாரிஸ் தெருக்களில் எடுத்தது, மோனா லிசாவைத் திருடுவது பற்றிய கதை, வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் வசனம். அப்போதைய கதைப் பொறுப்பாளர் டக்ளஸ் ஆடம்ஸும் தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸும் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து எழுதி முடித்த அவசர வேலை அது. அவசரத்தின் சுவடே தெரியாது. அதன் கடைசிப் பாகத்தை 1 கோடியே 60 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். போட்டிச் சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்தது அதற்குப் பெரிய காரணம். இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

சிரிப்பு வேண்டாம், இறுக்கம் வேண்டும் என்பவர்களுக்கு 1984இன் 'த கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி'. இருவர் மட்டும் வெளியேறத் தவிக்கும் கதை. சுற்றியிருக்கும் அத்தனை பேரும் ஒருவரையொருவர் கொல்லத் துடிக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் ஒன்று வேண்டுமென்றால் 1964இன் 'த ஆஸ்டெக்ஸ்'. சரித்திர ஆசிரியை பார்பராவை ஆஸ்டெக் மக்கள் தெய்வமாக நினைத்துவிட, நரபலியை நிறுத்தியே தீருவேன் என்று அவள் நிற்கிறாள். வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்கிறார் டாக்டர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அட்டைக் கோயிலின் முன்னால் நடக்கும் அந்த வாக்குவாதத்துக்காகவே இன்றும் அந்தக் கதையைப் பேசுகிறோம்.

தரவரிசைப் பட்டியல்களை நம்பித் தொடங்க வேண்டாம். 2009இல் 'டாக்டர் ஹூ மேகசின்' அதுவரை வந்த 200 கதைகளுக்கு வாசகர்களிடம் வாக்கெடுத்தது. முதலிடம் 'ஆண்ட்ரோசானி'. 200ஆவது இடம் 'த ட்வின் டைலெமா'. இரண்டும் 1984 மார்ச்சில் ஒரே வார இடைவெளியில் அடுத்தடுத்து ஒளிபரப்பானவை. தலையும் வாலும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு நல்ல கதை பிடித்துப்போய், அடுத்ததையும் அதே சூட்டோடு போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது எச்சரிக்கை.

ஒரு நாளுக்கு ஒன்று

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்: ஒரு நாளுக்கு ஒரு பாகம், அதற்கு மேல் கூடாது.

இந்தக் கதைகள் வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. பாகத்தின் கடைசி நிமிடத்தில் யாராவது அலறுவார்கள், இசை வெடிக்கும், பெயர்கள் ஓடும். பிறகு ஏழு நாட்கள். அந்த ஏழு நாட்களில்தான் பிரிட்டனின் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள், டாக்டரின் பரம எதிரிகளான, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளாக மாறிக் கைகளை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். கதையின் பாதி திரையில் நடந்தது, மீதி அந்த இடைவெளியில் நடந்தது. ஆறு பாகக் கதையை ஒரே மாலையில் விழுங்கினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பிடிபடுவார்கள், தப்புவார்கள், நடைக்கூடத்தில் ஓடுவார்கள், மறுபடி பிடிபடுவார்கள். மூன்றாவது முறை சிறைக்கதவு சாத்தப்படும்போது உங்கள் கை தானாகத் தொலைபேசியை எடுக்கும். இரவுக்கு ஒன்றாகப் பார்த்தால் அதே ஓட்டம் அலுக்காது.

1969இன் 'த வார் கேம்ஸ்' பத்துப் பாகங்கள். முழு நாள் விடுமுறையில் பார்த்தவர்கள் அதைத் திட்டுகிறார்கள். பத்து இரவுகளில் பார்த்தவர்கள் கடைசி இரவில் வாயடைத்துப் போகிறார்கள். காரணம், டாக்டர் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர், எதற்காக ஓடிவந்தார் என்பது ஆறு ஆண்டுகளாக யாருக்கும் தெரியாது. அங்கேதான் முதன்முறையாக அவருடைய இனத்தவரான டைம் லார்டுகள் வருகிறார்கள். அவர்களுடைய கிரகத்துக்கு கேலிஃப்ரே என்று பெயர் சொல்லப்பட்டது அதற்கும் பின்னால், 1973 டிசம்பரில் தொடங்கிய 'த டைம் வாரியர்' கதையில். ஆகவே 1965ஆம் ஆண்டுக் கதையைப் பார்க்கும்போது, "இவர் கேலிஃப்ரேக்காரர் ஆயிற்றே, இது தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அதை எழுதியவருக்கே தெரியாது. பின்னால் வந்ததை முன்னால் ஏற்றிப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதலாவது. பழையவர்களும் செய்வார்கள், அவர்கள் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கண்ணையும் காதையும் பழக்குவது

முதல் வாரத்தில் கண் உறுத்தும். அறைக்குள் நடக்கும் காட்சிகள் ஒரு மாதிரி பளிச்சென்றும் வழவழவென்றும், வெளியே நடக்கும் காட்சிகள் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். உங்கள் டிவியில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்டுடியோவில் வீடியோ நாடா, வெளியில் ஃபிலிம் என்பதுதான் அன்றைய பிபிசி வழக்கம். நான்கு பாகங்களுக்குள் கண் பழகிவிடும்.

ஹார்ட்னெல் காலத்தில் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து, ஒரே மாலையில் ஏறக்குறைய மேடை நாடகம்போல வரிசையாகப் பதிவு செய்தார்கள். நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு. அதனால் தடுமாற்றங்கள் அப்படியே நின்றுவிட்டன. 1965இன் 'த சேஸ்' கதையில் விண்வெளியில் மிதக்கப்போகிறீர்கள் என்று எச்சரிக்க வந்த ஹார்ட்னெல், 'ஸ்பேஸ்' என்பதற்குப் பதில் 'ஸ்பெயின்' என்று தொடங்கி, அதே மூச்சில் திருத்திக்கொண்டு, கண்ணிமைக்காமல் மேலே போகிறார். அதே ஆண்டின் 'த வெப் பிளானெட்' கதையில் எறும்பு வேடத்தில் ஓடிவரும் ஒருவர் நேராகக் கேமராவிலேயே போய் மோதுகிறார். சத்தம் நன்றாகக் கேட்கிறது. சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின், யாரும் நின்றுவிடாமல் அந்தக் காட்சியை எப்படி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

'அட்டை செட்', 'ரப்பர் பூதம்' என்று சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அதற்கு மேல் பேச எதுவும் இருக்காது. 1975இன் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' கதையில் பூச்சியாக மாறிக்கொண்டிருக்கும் ஒரு தலைவன் தன் கையைப் பார்க்கும் காட்சி இருக்கிறது. அந்தக் கை, பச்சைச் சாயம் அடித்த பபுள் ராப். பொட்டலம் கட்டுகிற அதே குமிழித் தாள்தான். பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நடிகர் கென்டன் மூர் அந்தக் கையைத் தன்னுடையது அல்லாத ஒன்றாகப் பார்க்கிற விதம் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம்.

ஹெட்ஃபோன் இருந்தால் ஒரு பாகமாவது அதில் கேளுங்கள். ரான் கிரெய்னர் எழுதிய முகப்பிசையை பிபிசியின் ஒலி ஆய்வுக்கூடமான ரேடியோஃபோனிக் பட்டறையில் டீலியா டெர்பிஷர் ஒவ்வொரு ஒலியாக நாடாவில் வெட்டி ஒட்டி உருவாக்கினார். சிந்தசைசர் கைக்கு வராத காலம். டார்டிஸ் கிளம்பும்போது எழும் அந்த இழுவைச் சத்தம், பிரையன் ஹாட்சன் ஒரு பழைய பியானோவின் கம்பியில் வீட்டுச் சாவியைத் தேய்த்துப் பதிவு செய்தது. தெரிந்துகொண்ட பிறகு கேட்டால் சாவி காதில் விழும்.

இல்லாத பாகங்கள்

பார்த்துக்கொண்டே போகும்போது திடீரென்று ஒரு பாகம் கார்ட்டூனாக மாறும், அல்லது அசையாத படங்களும் குரலும் மட்டும் வரும். பயப்பட வேண்டாம். அந்தப் பாகத்தின் படம் இப்போது எங்கும் இல்லை என்று பொருள்.

1960களில் வீடியோ நாடா விலை உயர்ந்த பொருள். துடைத்துவிட்டு மேலே வேறொன்றைப் பதிவு செய்தார்கள். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தது. நிறம் வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. வெளிநாடுகளுக்கு விற்ற 16 எம்எம் ஃபிலிம் பிரதிகளும் 1970களில் கழித்துக்கட்டப்பட்டன. ஹார்ட்னெல், டிரௌட்டன் காலத்து 253 பாகங்களில், 2013இல் நைஜீரியாவில் ஒன்பது கிடைத்த பிறகும் 97 கிடைக்காமலே இருந்தன.

ஆனால் இல்லாத பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒலி இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். சனிக்கிழமை மாலை டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று கட்டளையிட்டு, டேப் ரெக்கார்டரைச் சுழலவிட்ட பிள்ளைகள். இன்று நாம் பார்க்கும் கார்ட்டூன் பாகங்களின் குரல் எல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

புதியவர் இங்கே கற்க வேண்டிய பாடத்தை இரண்டு கதைகளை வைத்துச் சொல்லலாம். 1967இன் 'த டூம் ஆஃப் த சைபர்மென்' தொலைந்துபோயிருந்த காலத்தில் அது ஒரு காவியம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 1992இல் ஹாங்காங்கிலிருந்து நான்கு பாகங்களும் திரும்பி வந்தன. நல்ல கதைதான், ஆனால் பலருக்கு முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. 'தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்' இதற்கு நேர்மாறு. ஆறு பாகங்களில் மூன்றாவது மட்டுமே கையில் இருந்தது. அதை வைத்து இது மந்தமான கதை என்று பல ஆண்டுகள் தீர்ப்பெழுதினார்கள். 2013இல் மீதி ஐந்தும் கிடைத்தபோது, டிரௌட்டன் டாக்டராகவும் சாலமாண்டர் என்ற சர்வாதிகாரியாகவும் இரட்டை வேடத்தில் வெளுத்துக் கட்டியிருப்பதைக் கண்டு தீர்ப்பை மாற்றி எழுதினார்கள். இரட்டை வேடப் படங்களில் ஊறி வளர்ந்த நமக்கு இந்தக் கதை கூடுதலாகவே பிடிக்கும்.

பார்க்காத கதையைப் பற்றி அடுத்தவர் வாயால் பேசாதீர்கள். கார்ட்டூனாகப் பார்த்திருந்தால், கார்ட்டூனாகப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பேச உட்காரும்போது

முதல் கேள்வி எப்போதும் "எந்தப் பாகம் வரை பார்த்திருக்கிறீர்கள்?" என்பதாக இருக்கட்டும். அறுபது வருஷப் பழைய கதைக்கு என்ன ரகசியம் என்று கேட்பவர்கள் உண்டு. கதைக்கு அறுபது வயதாகலாம், நேற்றுப் பார்க்கத் தொடங்கியவருக்கு அது நேற்றைய கதைதான்.

பிறகு, காட்சியைப் பிடியுங்கள். துணுக்குச் செய்திகள் எல்லாரிடமும் இருக்கின்றன. 1975இன் 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' கதையின் புகழ்பெற்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாம் பேக்கர் இரண்டு கைகளிலும் இரண்டு கம்பிமுனைகளைப் பிடித்தபடி நிற்கிறார். தொட்டால் டாலெக் கருக்கள் அத்தனையும் வெடித்துச் சிதறும். எனக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்கிறார். துண்டுக் காட்சியாக இதை மட்டும் பார்த்தவர்கள், டாக்டர் கொலை செய்ய மறுத்தார், அதுதான் அவருடைய அறம் என்று பேசுவார்கள். முழுக் கதையையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே ஆறாம் பாகத்தில் அவர் அதே வேலைக்குத் திரும்பிப் போகிறார் என்று. கடைசியில் கம்பிகளின்மேல் ஊர்ந்து வரும் ஒரு டாலெக்தான் இணைப்பை முடித்து வெடிக்க வைக்கிறது. அப்படியானால் அந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார்? இதுதான் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். எங்கள் வட்டத்தில் இதை வருஷத்துக்கு ஒரு முறையாவது பேசுகிறோம், இன்னும் ஒத்துப்போகவில்லை. (முடிச்சை நானே அவிழ்த்துவிட்டேன். மேலே சொன்ன விதியை எழுதியவனே மீறியதாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சில சண்டைகளில் புதியவர்கள் முதல் மாதமே தலையிட வேண்டாம். பூமியைக் காக்கும் ராணுவப் பிரிவான யூனிட் படை வரும் பெர்ட்வீ காலக் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன என்பது அதில் ஒன்று. 1975இல் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் டாக்டரோடு பயணம் செய்யும் சாரா ஜேன், தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். 1983இல் வந்த 'மாட்ரின் அண்டெட்' கதையிலோ யூனிட்டின் தலைவர் பிரிகேடியர் 1977க்குள் ஓய்வுபெற்றுப் பள்ளி ஆசிரியராகிவிட்டிருக்கிறார். சாரா ஜேன் டாக்டரோடு பயணம் செய்த காலத்தில் பிரிகேடியர் இன்னும் பணியில் இருந்தார், ஆகவே இரண்டும் ஒட்டாது. ஒட்டவைக்க எழுதப்பட்ட விளக்கங்களை அடுக்கினால் போலீஸ் பெட்டி கொள்ளாது. கேட்டு ரசியுங்கள், பக்கம் சேராதீர்கள்.

இன்னொரு சண்டையில் தலையிடத்தான் வேண்டும். 1977இன் 'த டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' அற்புதமாக எழுதப்பட்ட கதை என்று சொல்வார்கள். விக்டோரியா காலத்து லண்டன் மூடுபனி, நாடக அரங்கு, ராபர்ட் ஹோம்ஸின் வசனம், எல்லாம் உண்மை. அதில் சீன மந்திரவாதியாக வருகிறவர் ஒப்பனை பூசிய வெள்ளைக்கார நடிகர் என்பதும், சீனர்களைக் காட்டியிருக்கும் விதம் அருவருப்பானது என்பதும் அதே அளவுக்கு உண்மை. "அந்தக் காலம் அப்படி" என்று ஒருவர் பேச்சை முடிக்கப் பார்த்தால் விடாதீர்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தத் தொடரின் முதல் கதையை இயக்கியவர், லக்னோவில் பிறந்து, அப்போது 25 வயதுகூட நிரம்பாத வாரிஸ் ஹுசைன். தயாரித்தவர் 27 வயது வெரிட்டி லாம்பர்ட். அந்தக் காலத்திலும் வேறு மாதிரி இருக்க முடிந்தது. கதையின் அழகையும் அசிங்கத்தையும் ஒரே மூச்சில் பேச முடியாதவர்களோடு அந்தக் கதையைப் பேச வேண்டாம்.

டிஸ்க் வாங்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் காட்சியோடு கூடவே ஓடும் தகவல் குறிப்புகளும், நடிகர்களின் உரையாடலும் உண்டு. இரண்டாம் முறை பார்க்கும்போது மட்டும் அவற்றைப் போடுங்கள். முதல் முறையே போட்டால், டாலெக்கைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதில் அதற்குள் உட்கார்ந்திருந்தவரின் பெயரைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு 2023 நவம்பர் முதல் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய பாகங்கள் பெரும்பாலும் கிடைக்கின்றன. உரிமைச் சிக்கலால் முதல் கதை மட்டும் அப்போது அதில் சேரவில்லை. குகையில் மாட்டிக்கொள்ளக்கூடிய புதியவர்களுக்கு அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

முதல் இரவுக்கு

'சிட்டி ஆஃப் டெத்' முதல் பாகம். விளக்கை அணைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். கடைசி அரை நிமிடத்தில், பாரிஸ் மாளிகையில் ஒரு பிரபு தனியாக ஓர் அறைக்குள் போகிறார். அங்கே என்ன நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. இசை வெடித்துப் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். இரண்டாம் பாகம் இருபது விநாடியில் தானாகத் தொடங்கும் என்று திரை ஆசை காட்டினாலும் விடாதீர்கள். உங்களுக்கு முன்பே பார்த்த யாரையாவது அழைத்து, "அந்த முகம்..." என்று மட்டும் சொல்லுங்கள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிடுவார்.